பாட மறுக்கும் கோப்புகள்

சென்ற புதன்கிழமை மாலை பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டுத் திண்ணையில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டுப் பெரியவர் ஒரு கையில் தடியும் மறு கையில் ஒரு பென் டிரைவுமாக வீதியைக் கடந்து வந்தார். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்விலாசம் பாதி அழிந்துபோன கடிதத்தையும் உரியவரிடம் சேர்த்துவிடுவார் என்று நம் ஊரில் இன்றைக்கும் அவருக்குப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவர் அன்று முகம் வாடி வந்தார்.

"வாத்தியார் ஸார், சனிக்கிழமை என் சம்சாரத்துக்கு முதல் வருஷத் திதி. அவள் பாடினதையெல்லாம் புனாவிலிருந்து பேரன் அனுப்பியிருக்கிறான். நானே இறக்கி இதில் போட்டுக்கொண்டேன். ஒன்பது பாட்டு. நாலு பாடுகிறது. ஐந்து வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது" என்றார்.

கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் பிள்ளையிடம் அதற்கு முன்பே காட்டியிருக்கிறார். "கெட்டுப்போய்விட்டது, அழித்துவிடுங்கள் தாத்தா" என்று அரை நிமிஷத்தில் தீர்ப்பாகிவிட்டதாம். அழிக்காமல் நம்மிடம் கொண்டு வந்தாரே, அதுவே பெரிய காரியம்.

அந்த அம்மாளின் பாட்டை நாமும் கேட்டிருக்கிறோம். அவருக்குச் சங்கீதம் முறையாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்துக்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களை, ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது கிராமபோன் தட்டில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டதாகச் சொல்வார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அவர் பாடும்போது வீதியில் சைக்கிளில் போகிறவர்களும் சற்றே நிதானித்துப் போவதுண்டு. அந்தக் குரல் பென் டிரைவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? கணினியைத் திறந்தோம்.

வாசகர்களில் பலர் இந்தச் சங்கடத்தை அறிந்திருப்பார்கள். இணையத்திலிருந்து ஆசையாக ஒரு பாட்டை இறக்குகிறோம். பெயர் சரியாக இருக்கிறது. தட்டினால், "இக்கோப்பைத் திறக்க இயலவில்லை" என்று ஒற்றை வரிப் பதில் வருகிறது. உடனே நாம் செய்வது என்ன? மறுபடி தட்டுகிறோம். அதற்கும் மசியாவிட்டால் கணினியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். உண்மையில் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட பல காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளக் கூடியவை. ஒன்றே ஒன்று மட்டும் நம் கையில் இல்லாதது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் பெயரை அன்று, அதன் எடையை. இதற்குக் கடினமான கணக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். சாதாரணமாகப் புழங்கும் எம்.பி.3 பாட்டு விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் எழுதப்பட்டிருக்கும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 16 கிலோபைட். நிமிஷத்துக்கு 960 கிலோபைட். சுருக்கமாக நிமிஷத்துக்கு ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷப் பாட்டு ஏறக்குறைய ஐந்து மெகாபைட் இருக்க வேண்டும். சுருக்காமல் எழுதிய குறுந்தகட்டு ஒலியானால் நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேலாகும்.

பெரியவரின் கோப்புகளை இந்தத் தராசில் நிறுத்தோம். ஐந்து நிமிஷப் பாட்டு என்று அவர் சொன்ன ஒன்று 70 கிலோபைட்தான் இருந்தது. அவ்வளவு இடத்தில் அந்த அம்மாள் தொண்டையைச் சரிசெய்துகொள்வதைக்கூட முழுமையாகப் பதிவு செய்ய முடியாது! பாட்டின் பெயரில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

எது என்று அறிய நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்தோம். எல்லாக் கோப்புகளையும் இப்படித் திறந்து பார்க்கலாம். ஒலிக் கோப்பானால் பெரும்பாலும் புரியாத கிறுக்கல்கள்தாம் தெரியும். ஆனால் தலைப்பில் முதல் சில எழுத்துகள் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். எம்.பி.3 பெரும்பாலும் 'ஐ, டி, 3' என்று தொடங்கும். வேவ் என்னும் சுருக்காத ஒலி 'ஆர், ஐ, எஃப், எஃப்' என்று தொடங்கும். ஆக் என்னும் பெட்டியானால் 'ஓ, ஜி, ஜி, எஸ்'. ஃப்ளாக் தன் பெயரையே நான்கு எழுத்தில் எழுதிக்கொண்டு வரும். 'பி, கே' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது பாட்டே அன்று. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஜிப் மூட்டை. அந்த முறையை வகுத்த ஃபில் காட்ஸ் என்பவர் தம் பெயரின் முதலெழுத்துகளை அதில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படிப் பார்த்துவிட்டு மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கணினி கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். மறந்து சேமித்துவிட்டால் நல்ல கோப்பும் கெட்டுவிடும்.

அந்த 70 கிலோபைட்டில் கிறுக்கல் ஏதும் இல்லை. தெளிவான ஆங்கிலம் இருந்தது. "தொடர்வதற்கு உள்நுழையவும்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பும், அதைச் சுற்றி எச்.டி.எம்.எல். என்னும் இணையப் பக்க மொழியும். நடந்தது இதுதான். பேரன் எட்டுப் பாட்டுகளுக்கு எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டு ஒன்றுக்கு மறந்துவிட்டான். பெரியவர் ஒவ்வோர் இணைப்பின் மேலும் அழுத்தி, "சேமி" என்று கட்டளையிட்டு, பாட்டின் பெயரைத் தாமே தட்டெழுதி, அதன் பின்னால் எம்.பி.3 என்றும் போட்டிருக்கிறார். அனுமதியில்லாத இடத்தில் பாட்டு எப்படி வரும்? வாசற்காவலன் நீட்டிய சீட்டுத்தான் வந்தது. அந்தச் சீட்டு எம்.பி.3 என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைப் பாடு என்றால் எந்தக் கருவிதான் பாடும்?

பெரியவருக்கு இதைச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. "உறை சரியாக இருக்கிறது, உள்ளே கடிதம் மாறிப்போயிருக்கிறது. எங்கள் இலாகாவிலும் நடக்கும்" என்றார். பேரனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு நிமிஷத்தில் அனுமதி வந்தது. அடுத்த நிமிஷத்தில் பாட்டும் வந்தது.

கோப்பின் பெயருக்கு வாலாக வரும் அந்த எம்.பி.3, எம்4ஏ முதலியவற்றைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வால் என்பது வெறும் குறிப்பு. உள்ளிருக்கும் சரக்கை அது மாற்றாது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தார் தாங்கள் உருவாக்கிய ஒலிமுறைக்கு இந்த வாலைத் தேர்ந்துகொண்டது 1995 ஜூலை 14-ஆம் தேதி. அதற்கு முன் அதே சரக்குக்கு வேறொரு வால் இருந்தது. வால் மாறியதால் ஒலியில் ஓர் அணுவும் மாறவில்லை. நம்மவர் பலர் இதை மறந்து, பாடாத கோப்பின் வாலை வெட்டி எம்.பி.3 என்று எழுதிவிட்டால் பாடிவிடும் என்று நினைக்கிறார்கள். பேரனும் அதைத்தான் செய்திருந்தான். பாட்டி வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பிய தாலாட்டு ஒன்று இருந்தது. வாட்ஸப் குரலை ஓபஸ் என்ற முறையில் சுருக்கி ஆக் பெட்டியில் வைக்கிறது. பேரன் அதற்கு எம்.பி.3 வாலை மாட்டி அனுப்பியிருந்தான். சில பிளேயர்கள் வாலை நம்பி உள்ளே போய், எதிர்பார்த்தது இல்லாமல் திகைத்து நின்றுவிடுகின்றன. வி.எல்.சி. என்னும் இலவசப் பிளேயரோ வாலைப் பொருட்படுத்தாமல் உள்ளே எட்டிப் பார்த்துத் திறந்துவிடுகிறது. பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் உலகத்துக்கே பொதுவாக விடப்பட்டிருக்கிறது. திறக்காத கோப்பு எதுவானாலும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பது நலம். தாலாட்டு உடனே ஒலித்தது. மற்றொன்று ஜிப் மூட்டை. அதை அவிழ்த்ததும் உள்ளே பாட்டு பத்திரமாக இருந்தது. பல கோப்புகளை ஒருங்கே இறக்கும்போது சேமிப்புத் தளங்கள் இப்படி மூட்டை கட்டித் தருவது வழக்கம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே போவது தகாது. பாட்டு திறக்கவில்லை என்றதும், "இந்தச் செயலியை நிறுவினால் திறக்கும்" என்று ஆசை காட்டும் தளங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பலாகாது. இன்னொரு மோசமும் உண்டு. விண்டோஸ் கணினி, தனக்குத் தெரிந்த வால்களைத் தானாகவே மறைத்துவிடும் வழக்கமுடையது. ஒரு கோப்பின் பெயர் எம்.பி.3 என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் பின்னால் இ.எக்ஸ்.இ. என்ற உண்மையான வால் மறைந்திருக்கும். தட்டினால் அது பாடாது. வீட்டுக்குள் புகுந்த திருடனைப் போலத் தன் வேலையை ஆரம்பித்துவிடும். கோப்புகளின் வால்களைக் காட்டும்படி கணினியின் அமைப்பை மாற்றி வைத்துக்கொள்வது வீட்டில் பிள்ளைகள் உள்ள ஒவ்வொருவருக்கும் அவசியம்.

நான்காவது கோப்புத்தான் நம்மை உண்மையில் கவலைப்பட வைத்தது. அந்த அம்மாள் காலமாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன் பேரன் ஊருக்கு வந்திருந்தபோது கைப்பேசியில் பதிவு செய்தது. ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி என்று பேரன் சொன்னான். நம் கணக்கின்படி ஒன்பது மெகாபைட்டுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பென் டிரைவில் இருந்ததோ மூன்று. எஞ்சிய ஆறு எங்கே போயிற்று?

"இதற்கு வாலில் ஏதோ நீளமாக அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது, ஸார். அதை வெட்டிவிட்டு மற்றதைப் போல எழுதினேன்" என்றார் பெரியவர் தயங்கியபடி.

அந்த நீளமான வாலைப் பற்றி வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குரோம் உலாவி, இறக்கம் முடியும் வரை கோப்பின் பெயருக்குப் பின்னால் 'சி.ஆர்.டவுன்லோட்' என்று ஒரு வாலை மாட்டி வைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 'பார்ட்' என்று மாட்டும். "வேலை இன்னும் முடியவில்லை, தொடாதே" என்பதே அதன் பொருள். வேலை முடிந்ததும் உலாவியே அதை எடுத்துவிடும். நாம் அவசரப்பட்டு எடுத்தால் பாதிச் சோற்றை முழுச் சோறு என்று பரிமாறியது போலாகும். மாலை வேளையில் நம் வீதியில் இணையம் படும் பாட்டை அறிந்தவர்கள் பெரியவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மூன்றில் ஒரு பங்காவது வந்திருக்கிறதே, அதுவரையாவது பாடக் கூடாதா என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்வி. எம்.பி.3 ஆக இருந்திருந்தால் பாடியிருக்கும். அந்த முறையில் ஒலியானது ஒரு விநாடிக்கு முப்பத்தெட்டுத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் தன்னைப் பற்றிய குறிப்பு எழுதப்பட்டிருக்கும். பூச்சரம் போன்றது, பாதியில் அறுந்தாலும் கையில் இருக்கும் வரை மணக்கும். கைப்பேசிகள் பெரும்பாலும் பதிவு செய்யும் எம்4ஏ முறை வேறு விதம். அதில் ஒலி முழுவதும் ஒரே பெட்டியில் தொடர்ந்து கொட்டப்பட்டிருக்கும். எந்த விநாடி எங்கே தொடங்குகிறது, எப்படிப் பிரிப்பது என்ற விவரங்களெல்லாம் 'மூவ்' என்ற தனிப் பெட்டியில் இருக்கும். பாட்டு எப்போது முடியும் என்று பதிவு செய்யும் கருவிக்கு முன்கூட்டித் தெரியாதல்லவா? ஆகையால் பாட்டு முடிந்த பிறகே அந்த அட்டவணையை எழுதிக் கோப்பின் கடைசியில் வைக்கிறது. கடைசிப் பகுதி வந்து சேராவிட்டால் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாவிட்டால் வந்து சேர்ந்த மூன்று மெகாபைட்டும் ஊமை.

மூலம் எங்குமே இல்லாமல் போயிருந்தாலும் வழி ஒன்று உண்டு. அதே கைப்பேசியில், அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி, இழந்த அட்டவணையை ஊகித்து மறுபடி கட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. பொறுமை வேண்டும், பலன் நிச்சயமில்லை. ஆகவே முதலில் மூலத்தைத் தேடுவதே முறை. பேரனிடம் கேட்டோம். அவன் அந்தக் கைப்பேசியைச் சென்ற மாதந்தான் விற்றுவிட்டானாம்! சேமிப்புத் தளத்தில் ஏற்றியிருந்தது முழுமையானதா, அதுவும் பாதிதானா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், ஸார்" என்றான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தடியின் பூணைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி ஐந்தாவது. அது அந்த அம்மாள் பாடியது அன்று. அவருக்கு மிகவும் பிடித்த பட்டம்மாளின் பாரதி பாட்டுத்தான். அமெரிக்காவில் இருந்த மகன் 2007-இல் இணையக் கடை ஒன்றில் விலை கொடுத்து வாங்கித் தாயாருக்கு அனுப்பியது. எடை சரி, வாலும் சரி, உள்ளிருக்கும் எழுத்துகளும் சரி. ஆனாலும் திறக்கவில்லை. உரிமம் தேவை என்று கேட்டுக்கொண்டு, உரிமம் தரும் இடத்தைத் தேடி இணையத்துக்குள் போய், வெறுங்கையுடன் திரும்பி வந்தது. அந்தக் கடையை மூடிப் பல வருஷமாகிவிட்டது.

நம் கையில் இல்லாத காரணம் என்று மேலே சொன்னோமே, அது இதுதான். இது பழுதன்று, பூட்டு. கோப்பைச் சங்கேதமாக எழுதி, அதன் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணினியும் தங்களிடம் வந்து கேட்டுப் பெறும்படி கடைக்காரர்கள் செய்திருந்த ஏற்பாடு. 2008 ஏப்ரலில் மைக்ரோஸாஃப்ட், தன் எம்.எஸ்.என். மியூஸிக் கடையில் வாங்கியவர்களுக்கு அவ்வாண்டு ஆகஸ்டுக்குப் பிறகு புதுக் கணினிகளுக்குச் சாவி தரப்போவதில்லை என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகு 2011 வரை தவணை கொடுத்தது. யாஹூவின் பாட்டுக் கடையும் அதே 2008-இல் கதவடைத்தது. பணம் கொடுத்தவர்கள் பொருளை வாங்கினார்களா, கடைக்காரர் உயிரோடிருக்கும் வரை கேட்டுக்கொள்ளும் அனுமதியை வாங்கினார்களா என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் கடையின் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்தது.

நம் நாட்டிலேயே நேர்மாறான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012-இல் ஃப்ளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்து 2013-இல் மூடிவிட்டது. ஆனால் அது விற்றவை பூட்டில்லாத எம்.பி.3 கோப்புகள். அப்போது வாங்கி இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் அவை இன்றும் பாடிக்கொண்டிருக்கும். கடை போனாலும் சரக்கு வீட்டில் இருக்கிறது. விற்பனை என்றால் இதுவன்றோ விற்பனை!

இக்காலத்துச் சந்தாச் செயலிகளில் "இறக்கம்" என்ற பொத்தானை அழுத்தியதும் பாட்டு நம்முடையதாகிவிட்டது என்று நம்புகிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறோம். அவை இறக்குவது அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும் சங்கேதப் பொதி. அதைத் தேடிப் பிடித்துப் பென் டிரைவில் போட்டாலும் பாடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையேனும் இணையத்தில் தலை காட்டாவிட்டால் இறக்கியதும் நின்றுவிடும். சந்தா நின்றால் எல்லாம் நின்றது. நம் வீடுகளில் பலரும் வைத்திருந்த விங்க் மியூஸிக் 2024-இல் மூடப்பட்டது. வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றமன்று. நாமும் சந்தா கட்டித்தான் வருகிறோம். ஆனால் வாடகை வீட்டுக் கூடத்தில் பாட்டனார் படத்தை ஆணி அடித்து மாட்டுவதற்கு முன் சற்று யோசிப்போம் அல்லவா?

பெரியவருக்கு ஐந்தாவது பாட்டின் கதையைச் சொன்னபோது, "பாரதி பாட்டுக்குமா பூட்டு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த கோபம் நமக்குப் பிடித்திருந்தது. பாரதி பாட்டுக்குப் பூட்டு இருந்த காலமும் உண்டு. அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் தனி மனிதர் கையில் இருந்தது. கடைசியாக அதை வைத்திருந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். நாடெங்கும் எழுந்த கோரிக்கையின் பேரில் 1949-இல் சென்னை மாகாண அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. செட்டியாரும் தம் உரிமையை விலை கேளாமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அந்தப் பாடல்கள் மக்களுக்கே பொதுவாயின. சுதந்திர பாரதத்தின் ஆரம்ப நாட்களில் நடந்த அந்த நற்காரியத்தை நினைக்கும்போது, அதே பாட்டு அறுபது வருஷம் கழித்து வேறொரு தேசத்தில் ஏதோ ஒரு கடையின் சாவிக்காகக் காத்துக் கிடந்தது நமக்கு வேடிக்கையாக இல்லை.

பூட்டை உடைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். உரிமையை மீறும் எண்ணத்துடன் அப்படிச் செய்வதை, 2012-இல் திருத்தப்பட்ட நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இந்தப் பாட்டுக்கு அந்தத் தொல்லையே வேண்டியதில்லை. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளே. 1947-இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவுக்கு அது 2007-ஆம் ஆண்டுடன் முடிந்துவிட்டது. மெட்டு அமைத்தவரின் உரிமை தனி. அதை இங்கே கலக்க வேண்டாம். பெரியவர் வீட்டுப் பரண் மேல் அந்தப் பழைய தட்டு இன்னும் இருக்கிறதாம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டைப் பாடவைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கும்பகோணத்தில் இருக்கிறார். அடுத்த மாதம் போவதாகத் திட்டம்.

வியாழக்கிழமை மாலை, பாடிய கோப்புகளையெல்லாம் பெரியவரின் சிறிய ஒலிபெருக்கியில் பாடும்படி எம்.பி.3 முறைக்கு மாற்றினோம். வி.எல்.சி.யிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வாலை மாற்றுவது வேறு, முறையை மாற்றுவது வேறு என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறோம். மாற்றும்போது ஒலியில் சிறிது தேய்மானம் ஏற்படும். ஆகவே மூலக் கோப்புகளை அழிக்காமல் வேறோரிடத்தில் வைத்தோம். பென் டிரைவ் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்திருந்ததால் ஒலிபெருக்கி அதை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. கார்களில் உள்ள பாட்டுப் பெட்டிகளும் இப்படித்தான். அவற்றுள் பெரும்பாலானவை ஃபேட்32 முறையைத்தான் விரும்பும். உள்ளிருப்பதை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, பிறகு முறையை மாற்றினோம்.

பெயர்களிலும் ஒரு தகராறு வந்தது. பேரன் அன்பின் மிகுதியால் ஒவ்வொரு கோப்புக்கும் பாட்டின் முதலடி, ராகம், தேதி, பாட்டியின் முழுப் பெயர் ஆகியவற்றைத் தமிழில் சேர்த்து நீளமாகப் பெயரிட்டிருந்தான். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கருவிகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'கோ' என்று எழுதினால் இரண்டு குறி சேர்ந்து ஆறு பைட்! இந்தக் கணக்கை வகுத்தவர்கள் தமிழ்ப் பெயரின் நீளத்தை யோசித்திருக்க நியாயமில்லை. முழு விவரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கோப்புகளுக்குச் சுருக்கமான பெயர் வைத்தோம். நோட்டுப் புத்தகம் திறக்கவில்லை என்று இதுவரை யாரும் நம்மிடம் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் பேரன் கூப்பிட்டான். சேமிப்புத் தளத்தில் இருந்தது ஒன்பதேகால் மெகாபைட் என்றான். பெரியவரை நம் வீட்டுக்கே வரச்சொல்லி, அவர் கண்ணெதிரே இறக்கத் தொடங்கினோம். பெயரின் பின்னால் அந்த நீள வால் தோன்றியது. பெரியவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "தொடவில்லை, ஸார்" என்றார். இருபது நிமிஷம் பிடித்தது. வால் தானாக உதிர்ந்தது.

தட்டினோம். சமையலறைப் பாத்திரங்களின் ஒலி முதலில் கேட்டது. பிறகு அந்தக் குரல். வயதினால் சற்று நடுங்கியது. ஆனாலும் சுருதி விலகவில்லை. ஒன்பதாவது நிமிஷம் முடியும் வேளையில் கடைசி அடியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "போதுமடா, அடுப்பில் பால் பொங்கப் போகிறது. தாத்தாவைக் கூப்பிடு" என்று அந்த அம்மாள் சொன்னார்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.